‘அப்ஜெக்‌ஷன்’ சொல்லத் தயங்கும் மகள்: இணையவழி மாக் டிரையலுக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளியின் மாக் டிரையல் (மாதிரி நீதிமன்றப் போட்டி) அணியில் இந்த ஆண்டுதான் சேர்ந்தாள். ஐந்து வாரத்தில் இணையவழிப் போட்டி, ஜூமில் நான்கு சுற்றுகள். அரசுத் தரப்பில் ஆடும்போது வக்கீல், பிரதிவாதித் தரப்பில் ஆடும்போது சாட்சி என்று அவளுக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். வழக்குக் கட்டு முழுவதும் மனப்பாடம். ஆனால் பயிற்சியில் ‘அப்ஜெக்‌ஷன்’ சொல்ல வேண்டிய இடத்தில் வாயே திறப்பதில்லை. கேட்டால், “அவங்க பேசிட்டிருக்கும்போது எப்படிம்மா நடுவுல பேசுறது?” என்கிறாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்த்தது நாங்கள்தான். எனக்கும் கணவருக்கும் சட்டம் தெரியாது. இரண்டு படுக்கையறை வீடு. மாமியாரும் ஏழு வயது மகனும் உடன் இருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

பதில்:

உங்கள் மகளின் கூச்சத்தைப் படித்ததும் எனக்குக் கவலை வரவில்லை, நம்பிக்கைதான் வந்தது. குறுக்கே பேசாமல் வளர்ந்த பிள்ளைக்கு, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கடைசிச் சொல் வரை கேட்கும் பழக்கம் இருக்கும். நான் வழக்கறிஞர், ஒரு உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன், மற்ற போட்டிகளில் மதிப்பெண் போடவும் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகப் பேசும் பிள்ளைகளை எல்லாச் சுற்றிலும் பார்க்கிறேன். நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் குறைவு. மதிப்பெண் தாளில் பத்துக்கு ஒன்பது போட என் கை போவது அவர்களுக்குத்தான்.

இந்தப் போட்டி தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கற்பனையான ஒரு வழக்கை அமைப்பாளர்கள் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். சாட்சிகளின் வாக்குமூலங்கள், சான்றாவணங்கள், இருதரப்பும் ஒப்புக்கொண்ட செய்திகள், சுருக்கிய சாட்சியச் சட்ட விதிகள் எல்லாம் அந்தக் கட்டில் இருக்கும். ஒரே அணி இரண்டு தரப்புக்கும் தயாராக வேண்டும். ஒரு சுற்றில் குற்றம் சாட்டியவர்கள் அடுத்த சுற்றில் அதே ஆளைக் காப்பாற்றுவார்கள். அமெரிக்காவின் தேசிய உயர்நிலைப் பள்ளிப் போட்டி 1984-இல் அயோவா மாநிலம் டி மாய்ன் நகரில் தொடங்கியது. கொரோனாவால் 2020-இல் ரத்தாகி, 2021-இல் முழுக்கத் திரைவழியாகவே நடந்தது. பேருந்துச் செலவும் ஓட்டல் செலவும் இல்லாமல் வேறு மாநில அணிகளோடு மோதலாம் என்பதால், பள்ளிகள் திறந்த பிறகும் இணையவழிப் போட்டிகள் தொடர்கின்றன.

இனி ‘அப்ஜெக்‌ஷன்’. மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: ஆட்சேபணை என்பது எதிரணிப் பிள்ளையிடம் பேசுவதே அல்ல. நீதிபதியிடம் பேசுவது. “ஐயா, இந்தக் கேள்வி விதிக்கு உட்பட்டதுதானா, பாருங்கள்” என்று மன்றத்தில் மூத்தவரிடம் கேட்கும் விண்ணப்பம் அது. மரியாதைக் குறைவு அதில் துளியும் இல்லை. கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? கேள்வி முடிந்து சாட்சி வாய் திறப்பதற்குள் இருப்பது ஒரு விநாடி. அது கழிந்தால் பதில் மன்றத்தில் விழுந்துவிடும்.

திரையில் அந்த ஒரு விநாடியும் முழுதாகக் கிடைக்காது. இணையத் தாமதம் கொஞ்சம் தின்றுவிடும். மியூட்டை எடுக்கத் தேடுவதற்குள் மீதியும் போய்விடும். பெரும்பாலான போட்டி விதிகளில், ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யப்போகும் வக்கீல் மட்டுமே அந்தச் சாட்சியின் முதல் விசாரணையில், அதாவது அவரை அழைத்த தரப்பு கேள்வி கேட்கும்போது, ஆட்சேபிக்கலாம். ஆகவே உங்கள் மகள் காவல் காக்க வேண்டியது ஒரு சாட்சியை, மிஞ்சினால் இரண்டு பேரை. அந்தச் சாட்சி பேசும் நேரம் முழுவதும் அவள் மைக் திறந்தே இருக்கட்டும். விதி அனுமதிக்காவிட்டால் விரல் ஸ்பேஸ் பட்டையின் மேல் இருக்கட்டும்; ஜூமில் அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குரல் போகும். ஒரே நேரத்தில் இரண்டு குரல் எழுந்தால் ஜூம் ஒன்றை அமுக்கிவிடுவதால், கையையும் கேமரா முன் தூக்க வேண்டும். “அப்ஜெக்‌ஷன், யுவர் ஆனர்.” அதோடு நிறுத்திவிட்டு, நீதிபதி முகம் திரும்பிய பிறகு காரணம். காரணத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் கொட்டும் பிள்ளைகளின் பாதி வாக்கியம் யாருக்கும் கேட்பதில்லை.

எதை ஆட்சேபிப்பது? போட்டியின் சாட்சிய விதிகள் அமெரிக்க மத்திய சாட்சியச் சட்டத்தின் எண்களிலேயே பெரும்பாலும் இருக்கும். முதல் ஆண்டில் நாலைந்து போதும்: தொடர்பில்லாதது (401, 402), நேரில் அறியாதது (602), பதிலை ஊட்டும் கேள்வி (611), செவிவழிச் சாட்சியம், அதாவது ஹியர்சே (801 முதல் 803 வரை). இங்கேதான் சட்டம் தெரியாத உங்கள் வீடு உதவப்போகிறது. தமிழில் பேசும் வீட்டில் ஹியர்சே கற்றுக்கொடுப்பது எளிது, ஏனென்றால் நம் மொழி அதற்கு ஒரு விகுதியே வைத்திருக்கிறது. “மேல் வீட்டுக்காரங்க காலி பண்றாங்களாம்.” அந்த ‘ஆம்’ காதில் விழுந்தாலே போதும்: சொல்பவர் நேரில் பார்க்கவில்லை, யாரோ சொன்னதைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் அந்த மணி இவ்வளவு தெளிவாக அடிக்காது. அதேபோல், “நேத்து லேட்டாத்தானே வந்தே?” என்பதில் அந்தத் ‘தானே’ பதிலையும் சேர்த்தே ஊட்டிவிடுகிறது. முதல் விசாரணையில் தன் சாட்சியிடம் அப்படிக் கேட்கக்கூடாது. குறுக்கு விசாரணையில் அப்படித்தான் கேட்க வேண்டும். “அவருக்குக் கோபம் வந்திருக்கும்” என்றால் ஊகம்.

ஆகவே தினமும் இரவுச் சாப்பாட்டில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் மாமியார் அன்றைய ஊர்க்கதையைத் தம் பாணியிலேயே சொல்லட்டும். ‘ஆம்’ வரும்போதெல்லாம் பேத்தி கையைத் தூக்கி “அப்ஜெக்‌ஷன், ஹியர்சே” என்று சொல்ல வேண்டும். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதை முதலில் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்த அனுமதிக்காகத்தான் உங்கள் பெண் காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். என் அணியில் இதே கூச்சத்தோடு வந்த ஒரு பெண் இரண்டு வாரம் வீட்டில் இப்படிச் செய்தாள். மூன்றாவது வாரம் தயங்காமல் கை தூக்கினாள்.

ஆனால் எல்லா ‘ஆமும்’ தள்ளுபடி ஆகாது. இதையும் சேர்த்தே பழக்குங்கள். வெளியே ஒருவர் சொன்னதை, அதில் உள்ளது உண்மை என்று நிறுவக் கொண்டுவந்தால்தான் செவிவழிச் சாட்சியம். “‘நெருப்பு!’ன்னு கத்தினாங்க, அதனால ஓடினேன்” என்பது, தான் ஏன் ஓடினேன் என்பதைச் சொல்ல வந்தது, அது நிற்கும். பதற்றத்தில் கத்தியதற்கு 803-இல் தனி விலக்கே உண்டு. ஆட்சேபிக்கப் பழகும் அளவுக்கு, ஆட்சேபணைக்குப் பதில் சொல்லவும் அவள் பழக வேண்டும்.

அடுத்தது மனப்பாடம். முழுக்க மனப்பாடம் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். தொடக்க உரை மனப்பாடமாக இருக்கலாம். குறுக்கு விசாரணை அப்படி இருந்தால், சாட்சி ஒரே ஒரு பதிலை மாற்றிச் சொன்னதும் பிள்ளை கயிறு அறுந்த வாளி மாதிரி நின்றுவிடும். அவளுக்கு வேண்டியது வாக்குமூலத்தின் பக்க எண்ணும் வரி எண்ணும். நானே கட்டிய ஒரு சிறு வழக்கை வைத்துக் காட்டுகிறேன். கிடங்குத் தீ வழக்கு. இரவில் பிரதிவாதியைப் பார்த்ததாகச் சொல்பவர் சாட்சி.

“தெருவிளக்கு வெளிச்சத்தில் முகம் தெரிந்தது என்று இப்போது சொன்னீர்கள், சரிதானே?”

“ஆமாம்.”

“சம்பவம் நடந்த இரண்டாம் நாள் வாக்குமூலம் கொடுத்தீர்கள். உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திட்டீர்கள்?”

“ஆமாம்.”

“மூன்றாம் பக்கம், 22-ஆம் வரி. நான் சரியாகப் படிக்கிறேனா என்று மட்டும் பாருங்கள். ‘அன்று தெருவிளக்கு எரியவில்லை.’ சரியாகப் படித்தேனா?”

“...ஆமாம்.”

இங்கே நிறுத்திவிட வேண்டும். “அப்புறம் எப்படி முகம் தெரிந்தது?” என்று கேட்கத்தான் எல்லாப் பிள்ளைக்கும் வாய் துறுதுறுக்கும். கேட்டால், கெட்டிக்காரச் சாட்சி “எதிரே ஒரு கார் விளக்கு போட்டுக்கொண்டு வந்தது” என்று தப்பிப்பார். அந்தக் கேள்வியை நிறைவு வாதத்துக்கு எடுத்து வைக்க வேண்டும். அங்கே பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார்.

இதில் அப்பாவுக்கு வேலை இருக்கிறது. அவர் சாட்சியாக உட்கார்ந்து, வாக்குமூலத்தில் உள்ளதை வேண்டுமென்றே ஓரிடத்தில் மாற்றிச் சொல்லட்டும். எந்த இடம் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. கையில் அச்சிட்ட கட்டு இருக்க வேண்டும், நடுவில் பி.டி.எஃப்-ஐ உருட்டித் தேடுவது திரையில் மிக நீளமாகத் தெரியும். உரைகளை மட்டும் நீங்கள் யாரும் எழுதிக் கொடுக்காதீர்கள். பெரியவர் எழுதியது மூன்றாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

சாட்சி வேடம் வக்கீலுக்கு ஒரு படி கீழ் என்று அவள் நினைத்தால் அதைத் திருத்துங்கள். சாட்சிக்கும் தனி மதிப்பெண் உண்டு. வாக்குமூலத்தில் இல்லாத முக்கியச் செய்தியைப் புனையக்கூடாது. ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சுற்றி வளைக்காமல் ஆமாம் என்று சொல்ல வேண்டும். குறிப்பு எதுவும் எதிரில் இருக்கக்கூடாது. திரையில் இது மறையாது. ஒரு சுற்றில், பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பையனின் மூக்குக்கண்ணாடியில் வெள்ளைப் பக்கம் ஒன்று மேலே நகர்வதைப் பார்த்தேன். அவன் படிக்கிறான் என்பது அவன் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நல்ல பையன், படிக்காமலேயே சொல்லியிருப்பான்; பயம்தான்.

அதனால்தான் வீட்டாருக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை: சுற்று நடக்கும்போது அந்த அறையில் நீங்கள் யாரும் இருக்காதீர்கள். ஜாடை காட்டுவது, தாளில் எழுதிக் காட்டுவது, கதவருகே நின்று தலையாட்டுவது எல்லாமே வெளி உதவிதான். அணியையே போட்டியிலிருந்து நீக்க அது போதும். பார்வையாளர் இணைப்பு தந்தால், வேறு அறையில் வேறு கருவியில், கேமராவையும் மைக்கையும் அணைத்துப் பாருங்கள். அணிக்குள் வக்கீல்கள் பேசிக்கொள்ள விதி இடம் தந்தால், ஜூம் சாட்டில் வேண்டாம். “14-ஆம் வரி பாரு, பொய் சொல்றான்” என்று தோழிக்கு அனுப்பியது எல்லோருக்கும் போய், நீதிபதி அதை வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன். சாட்சிக் கூண்டில் இருப்பவருக்கு மட்டும் எந்த வழியிலும் யாரும் செய்தி அனுப்பக்கூடாது.

வீட்டு ஏற்பாடு சுருக்கமாக. ஒரு சுற்று இரண்டரை மணி நேரம், சில நாள் மூன்றும் ஆகும். அதுவரை தம்பியின் விளையாட்டும் டி.வி. ஸ்ட்ரீமிங்கும் நிற்கட்டும், முடிந்தால் வைஃபைக்குப் பதில் கேபிள். குக்கர் விசில் கேட்கும் வீடு என்றால் சமையலை முன்பே முடித்துவிடுங்கள். கேமரா கண் உயரத்தில், வெளிச்சம் முகத்துக்கு எதிரே. வாதம் பேசும்போது கண் கேமராத் துளையில் இருக்க வேண்டும். தன் முகத்தையே பார்க்கும் பழக்கம் இருந்தால் ‘ஹைட் செல்ஃப் வியூ’ போடச் சொல்லுங்கள். பின்னால் பள்ளிப் பெயர் எழுதிய சான்றிதழோ ஸ்வெட்டரோ தெரியக்கூடாது. மதிப்பெண் போடுபவர்களுக்கு அணி எண் மட்டும்தான் தெரியலாம். இணைப்பு அறுந்தால் உடனே நுழைய, சார்ஜ் ஏற்றிய போனில் ஜூம் தயாராக இருக்கட்டும். அவளுக்குப் பதில் யார் தொடர்வது என்பதையும் அணி முன்பே முடிவு செய்து, ஒரு பயிற்சியில் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். அட்டவணை எந்த நேர மண்டலத்தில் என்று பாருங்கள்: கலிபோர்னியாவின் காலை ஒன்பது உங்களுக்கு நண்பகல் பன்னிரண்டு.

கடைசியாக, தீர்ப்பு. நீதிபதி பிரதிவாதி குற்றவாளி இல்லை என்று சொன்னாலும் அரசுத் தரப்பு அணி சுற்றை வெல்லலாம்; பெரும்பாலான போட்டிகளில் கணக்கு மதிப்பெண் தாளில்தான். அவள் எழுப்பும் முதல் ஆட்சேபணை நிராகரிக்கப்படவும் கூடும். “தேங்க் யூ, யுவர் ஆனர்” என்று சொல்லிவிட்டு, எதிரணி கேட்கும் அடுத்த கேள்விக்குக் காதைத் தீட்டிக்கொண்டால் போதும். போட்டி முடிந்து தாள்கள் வந்ததும் எண்களைத் தள்ளி வைத்து, ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்புகளை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். சாட்சியின் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள் என்று ஒருவராவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால், அடுத்த ஆண்டு நிறைவு வாதத்தை அவளுக்குக் கொடுக்கலாமா என்று பயிற்சியாளரிடம் தைரியமாகக் கேளுங்கள்.