கடல் பார்த்த வீடு வேண்டுமா?

கேள்வி: எனக்கு இங்கிலாந்தில் கென்ட் பக்கம், மார்கேட் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. கணவர், 9 வயது மகளோடு கிளம்புகிறோம். ராம்ஸ்கேட்டில் கடலைப் பார்த்த பழைய வீடு ஒன்று வாடகைக்கு வந்திருக்கிறது. படத்தைப் பார்த்த மகள் அதுதான் வேண்டும் என்கிறாள். பேசி முடித்துவிடலாமா அக்கா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடிக்காதீர்கள் தங்கச்சி. நானும் அப்படியொரு வீட்டில் மயங்கியவள்தான். பார்க்கப் போனது ஆகஸ்ட். ஆளுயர ஜன்னல், வெளியே ஒரே நீலம். அன்றைக்கே முன்பணம் கொடுத்தோம். நவம்பரில் கிழக்கிலிருந்து காற்றடித்தபோது அதே ஜன்னல் இரவெல்லாம் தடதடத்தது. காலையில் கண்ணாடி முழுக்க உப்பு பூத்திருந்தது. பொங்கலுக்குப் புடவை எடுக்க அலமாரியை நகர்த்தினால், பின்சுவரில் மைக்கூட்டைக் கவிழ்த்தாற்போல் பூஞ்சை! ஏஜென்ட் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்கள் சமைப்பது அதிகம்." கோபம் வந்தது. ஆனால் பாதி உண்மை. சோறு கொதிக்கிற ஆவி குளிர்ந்த சுவரில்தானே போய்ப் படியும்?

அதனால் தெரிந்தவர் யாரையாவது மழைநாளில் அனுப்பி, அலமாரிக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா, அடுப்புக்கு மேலுள்ள விசிறி ஆவியை வெளியே தள்ளுகிறதா, இல்லை உள்ளேயே சுற்றவிடுகிறதா? வீடு எரிசக்தியை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் சொல்லும் ஈபிசி சான்றிதழில் என்ன எழுத்து? 'ஈ'க்குக் கீழே இருந்தால் பொதுவாக வாடகைக்கு விடவே கூடாது. 'சி' கிடைத்தால் விடாதீர்கள்.

யாரும் நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு பவுண்டுகூட அனுப்ப வேண்டாம். வீட்டைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகை, டெபாசிட் ஐந்து வார வாடகை. வழக்கமான வாடகைக்கு இதுதான் உச்சவரம்பு. மாதம் 1,200 பவுண்டு என்றால் டெபாசிட் 1,384 பவுண்டுதான். அதையும் வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட்டு உங்களுக்குச் சொல்ல வேண்டும். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) தனி. வீடு எந்த வரிப் பிரிவில் ('பேண்ட்') வருகிறது என்று முன்பே கேளுங்கள்.

மகளுக்கு 9 வயது என்பதால் இன்னொன்று. கென்ட்டில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளிகள் (அரசு மேல்நிலைப் பள்ளிகள்) இன்னும் இருக்கின்றன. அந்தத் தேர்வான 'கென்ட் டெஸ்ட்' தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டு தொடக்கத்தில் (10 வயதில்), செப்டம்பரில் நடக்கும். பெயரைப் பதிவது அதற்கு முந்தைய ஜூனிலேயே. அதைத் தவறவிட்டுப் புலம்பும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், மார்கேட்டுக்கும் பக்கத்து ஊரான பிராட்ஸ்டேர்ஸுக்கும் நடுவே மருத்துவமனைப் பக்கமே பாருங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நடந்தே வீடு திரும்பலாம். அங்கிருந்து கடலும் நடக்கிற தூரம்தான், மகளிடம் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் மட்டும் முதலில் வாருங்கள். முதல் சில வாரங்களுக்குத் தங்க இடம் தருவார்களா என்று வேலை கொடுத்தவர்களிடமே கேளுங்கள். 'ஷேர் கோட்' மட்டும் கையில் இருக்கட்டும்; வாடகைக்குக் குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று காட்ட அரசு இணையதளத்தில் எடுக்கும் குறியீடு அது. அது இல்லாமல் எந்த ஏஜென்ட்டும் சாவியைத் தரமாட்டார்.