இரண்டு விடைகள் கோத்து வரும் சொற்புதிரை அவிழ்ப்பது எப்படி?

முதல் விடையின் கடைசி எழுத்துகளே அடுத்த விடையின் தொடக்கமாகவும் இருக்கும் பொது அறிவுப் புதிர்களை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் சேலம் மாவட்டத்தை வைத்தே ஒரு புதிர் தருகிறேன். 'தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட கோட்டை. சின்னப்பம்பட்டி நடராஜன் ஆடும் ஆட்டம். மொத்தம் 8 எழுத்து.'

இரண்டையும் சேர்த்து யோசிக்காதீர்கள். ஐயமின்றித் தெரிந்த பாதியை முதலில் எழுதுங்கள், அது பின்பாதியாக இருந்தாலும் சரி. நடராஜன் என்றால் கிரிக்கெட், 5 எழுத்து. முன்னால் 3 கட்டங்கள் மிச்சம். அப்படியானால் கோட்டையின் பெயர் 'கி' அல்லது 'கிரி' என்று முடிய வேண்டும். சங்ககிரி! விடை: சங்ககிரிக்கெட்.

முன்பாதி மட்டும் தெரிந்தால் இலக்கணம் கைகொடுக்கும். தமிழ்ப் புதிருக்கே உரிய அழகு இது. பலரும் இதைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள். புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. எனவே ஆத்தூர் என்று முடிவானால் 'ர்' மட்டும் பொதுவாக இருக்க முடியாது, 'தூர்' வேண்டும். அடுத்த குறிப்பு 'ஏரியின் வண்டலை அகற்றும் பணி' என்றால் ஆத்தூர்வாருதல். ஏற்காட்டிலும் இதே கதைதான். 'டு' தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாகாது. 'காடு' என்று பிடியுங்கள். பல்லவர் பட்டப்பெயர் கேட்டிருந்தால், ஏற்காடுவெட்டி.

டிக்கெட், ஸ்டேஷன் போன்ற கடன் சொற்களில் மட்டும் இந்த விதிகள் தளரும்.