குணமாகாத வீட்டில் தேவ பிரசன்னம்

"தேவனுடைய வல்லமை, பிரசன்னம் (அவர் நம்மோடு கூடவே இருப்பது) என்று கிறிஸ்தவர்கள் அடிக்கடி சொல்கிறார்களே, விசுவாசியின் அன்றாட வாழ்வில் அது எப்படித் தெரிகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலூரில் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவன். இறையியல் படித்தவன் அல்லன். ஆகவே கண்டதை வைத்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வல்லமை என்றதும் நினைவுக்கு வருவது நோய் நீங்குவதுதான். வங்காளத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தேடி, காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் ஊர் இது. உபவாசக் கூட்டங்களில் எழுந்து சாட்சி சொல்பவர்களும் பெரும்பாலும் குணமானவர்களே. குணமாகாதவர்களின் வீட்டார் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்த இரண்டு ஆண்டுகளும் நாங்கள் அந்த வரிசையில்தான் இருந்தோம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இங்கே விசுவாசக் குறைவு இருக்கிறது" என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். சர்க்கரை போட மறந்துவிட்டதாகப் பிறகு சொன்னார், நான் நம்பவில்லை.

அப்போதுதான், அந்த மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றிச் சிறுவயதிலிருந்து கேட்டுப் புளித்த கதை வேறு விதமாகப் புரிந்தது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியே வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள். அவரோ மருத்துவம் படிக்காதவர். மருத்துவரான அவருடைய தந்தையை, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அற்புதம் எதுவும் நிகழாத அந்த இரவையே அவர் தேவனுடைய அழைப்பாக ஏற்றார்; அமெரிக்காவில் மருத்துவம் பயின்று திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. அங்கேயே பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பின்பு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் கால்கள் குணமாகவேயில்லை. அப்போஸ்தலன் பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் (அவரை விடாமல் வருத்திய ஒரு வேதனை) நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கியதாக எழுதவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற மறுமொழி கிடைத்ததாகவே எழுதினார்.

அப்பா கோபக்காரர். கடைசி மாதங்களில் இரவுக் குடும்ப ஜெபத்தில் தன் சுகத்துக்காகக் கேட்பதை நிறுத்திவிட்டு, டயாலிசிஸில் பக்கத்துப் படுக்கையில் இருந்த குடியாத்தத்து லுங்கி நெசவாளருக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினார். சோற்றில் உப்பு குறைந்தாலே தட்டைத் தள்ளிவிடும் மனிதருக்கு இந்த மனம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, பிரசன்னம் என்பதைத் தவிர வேறு சொல் என்னிடம் இல்லை. இதை வெறும் மனத்தேற்றல் என்று யாரேனும் சொன்னால், மறுத்து நிரூபிக்கவும் என்னால் இயலாது.

அப்பா இறந்த மூன்றாம் நாள் அந்த நெசவாளரின் மனைவி வந்திருந்தார். "அண்ணன் தினமும் எங்க வீட்டுக்காரருக்காக ஜெபம் பண்ணுவாராமே, இனிமே யாரும்மா பண்ணுவாங்க?" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அன்றிரவு ஜெபத்தில் அம்மா முதலில் சொன்னது அந்த நெசவாளரின் பெயரைத்தான்.