குழம்பில் கரைந்த உப்பை ஏன் வடிகட்டி எடுக்க முடியவில்லை? கரைந்த உப்பு எங்கேதான் போகிறது?

குழம்பில் உப்பு கூடிப்போன கடுப்பில் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் எங்கள் பக்கம் இது குழம்போடு முடிகிற கேள்வி இல்லை. எனக்குச் சொந்த ஊர் வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டு. சின்ன வயதில் போர் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும்போது எங்கள் ஆயா பழைய வேட்டியை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டி வடிகட்டுவார், அப்படியும் கலங்கலாக இருந்தால் படிகாரக் கட்டியை உள்ளே விட்டு நாலு சுற்று சுற்றுவார், கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் தங்கித் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வாயில் வைத்தால் அதே கரிப்பு. "துணியை இன்னும் நல்லா மடிச்சுக் கட்டு ஆயா" என்று சொல்லி எட்டு மடிப்பு வரைக்கும் பார்த்திருக்கிறேன்.

மண் தண்ணீரில் கலந்து நிற்கிறது, உப்பு கரைந்திருக்கிறது. இரண்டும் வேறு. மண் துகள் எவ்வளவு பொடியாக இருந்தாலும் அது கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்த கட்டிதான், அதனால் துணியில் மாட்டும், தப்பினாலும் படிகாரத்துக்கு அடியில் தங்கிவிடும். உப்புக் கல்லில் சோடியமும் குளோரினும் மாறி மாறி அடுக்கி நிற்கின்றன, சோடியம் நேர் மின்னேற்றம், குளோரின் எதிர் (இப்படி ஏற்றம் பெற்ற குளோரினைக் குளோரைடு என்பார்கள்). மின்னேற்றம் உள்ள இந்தத் துகள்களுக்கு அயனி என்று பெயர். தண்ணீர் மூலக்கூறோ நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் வளைந்தது. அதன் ஆக்சிஜன் பக்கம் லேசாக எதிர், ஹைட்ரஜன் பக்கம் லேசாக நேர். இந்தச் சின்ன ஏற்றத்தாழ்வை வைத்துக்கொண்டுதான் தண்ணீர் இவ்வளவு வேலையும் செய்கிறது. ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டிச் சோடியத்தை இழுக்கிறது, ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டிக் குளோரைடை இழுக்கிறது.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்குப் போயிருக்கிறீர்களா? கைகோத்துக்கொண்டு போன குடும்பத்துக்கு நடுவில் கூட்டம் நுழைந்துவிடும், அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், ஒவ்வொருவரையும் சுற்றி முன்பின் தெரியாத ஆட்கள். குடும்பத்தில் யாரும் காணாமல் போகவில்லை, எல்லாரும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். கரைந்த உப்பும் இப்படித்தான். ஒவ்வொரு சோடியத்தையும் சுமார் ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். சுற்றி நிற்கிற அந்தத் தண்ணீரையும் சேர்த்து அளந்தால்கூட ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆயாவின் வேட்டியை விடுங்கள், ஆய்வகத்து வடிதாளின் ஓட்டைகளே அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியவை. எடையும் எங்கும் போவதில்லை. 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் உப்பு போட்டால் தராசில் 136 கிராம்தான் காட்டும்.

"உப்பு உருகிப்போச்சு" என்று வீட்டில் சொல்வோம், அது பேச்சுக்கு. உப்பு நிஜமாகவே உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

அவ்வளவு இறுக்கமான கல்லை வெறும் பச்சைத் தண்ணீர் எப்படிப் பிரிக்கிறது என்ற இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 58.5 கிராம் உப்பை முழுக்கப் பிரித்து அயனிகளைத் தனித்தனியாக நிறுத்தச் சுமார் 787 கிலோஜூல் செலவு. தண்ணீர் அவற்றைச் சூழ்ந்துகொள்ளும்போது கிட்டத்தட்ட 783 திரும்ப வரவாகிறது. நாலு துண்டு விழுகிறது இல்லையா, அதைத் தண்ணீர் தன் சூட்டிலிருந்தே கொடுக்கிறது, அதனால் லேசாகக் குளிரும், கைக்குத் தெரியாது. யூரியாவில் நன்றாகவே தெரியும், வயலுக்குத் தெளிக்க வாளியில் யூரியா கரைத்தவர்களைக் கேளுங்கள், வேலூர் வெயிலிலும் வாளி சில்லிட்டுப் போகும். சரி, நஷ்டத்தில் ஏன் கரைய வேண்டும்? வரிசை மாறாமல் அடுக்கி நிற்பதற்கு வழி மிகக் குறைவு, சிதறிக் கிடப்பதற்கு வழிகள் எண்ணி முடியாது. அந்தக் கணக்கு ஜெயிக்கிறது.

சர்க்கரை இப்படிப் பிளப்பதில்லை, முழு மூலக்கூறாகவே தண்ணீருக்குள் போகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர் இரண்டு இரும்புக் கம்பியை எங்கள் தண்ணீரில் விட்டு, கரண்ட் கொடுத்து, ஐந்தே நிமிடத்தில் சாக்கடை நிறத்தில் ஆக்கிக் காட்டினார். அம்மா ஆடிப்போய்விட்டார். அந்த அழுக்கு பெரும்பாலும் கம்பியின் துருதான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்பு அரித்துத் தண்ணீரில் இறங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் அயனிகள் குறைவு, அதனால் அது தெளிவாகவே நிற்கும். அவர் போனதும், தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டும் என்று விற்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, நல்ல தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிப் பார்த்தேன், எண் அசையவே இல்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டேன், ஆயிரத்தைத் தாண்டியது. அந்த மீட்டர் அளப்பது மின்சாரம் பாய்வதைத்தான், கரைந்ததையெல்லாம் இல்லை. கரைசலுக்குள் உப்பு அயனிகளாகப் பிரிந்தே கிடக்கிறது என்று 1884இல் ஸ்வீடன்காரர் அரேனியஸ் தன் ஆய்வேட்டில் எழுதியபோது பல்கலைக்கழகம் அதைக் குறைந்த தரத்தில்தான் தேற்றியது. 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது எங்கள் ஊர்க் கதை. அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, பத்து கிலோ தோலுக்கு மூன்று நாலு கிலோ உப்பு அப்பித்தான் அனுப்புவார்கள். கம்பெனிக்கு வந்ததும் முதல் வேலையே தொட்டியில் ஊறப்போடுவது, அத்தனை உப்பும் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். சதைத் துணுக்கு, முடி, சுண்ணாம்பு எல்லாவற்றையும் வடிகட்டலாம், வண்டலாகப் படியவைக்கலாம். உப்பை முடியாது. பாலாற்றங்கரைக் கிணறுகள் இப்படித்தான் கரிக்கத் தொடங்கின, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கு ஊறல் தண்ணீரைத் தனியாகப் பிரித்து, பரந்த தொட்டிகளில் வெயிலில் காயவைக்கிறார்கள், மற்றதை ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். இரண்டு வழியிலும் தண்ணீரைத்தான் உப்பிடமிருந்து பிரிக்கிறார்களே தவிர, உப்பைத் தண்ணீரிடமிருந்து பொறுக்கி எடுப்பதில்லை. காய்ந்து கிடைக்கிற உப்பிலும் தலைவலி தீராது, மூட்டை கட்டி அடுக்கி வைத்தால் ஒரு நல்ல மழை போதும், மறுபடி கரைந்துவிடும்.

அப்புறம் உங்கள் குழம்பு. உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது, உப்புக் குழம்பை அப்படியே உறிஞ்சும், மிச்சக் குழம்பு கிட்டத்தட்ட அதே கரிப்பில்தான் இருக்கும். கொதிக்கவைத்தால் தண்ணீர் போய் இன்னும் கரிக்கும். பாதிக் குழம்பை வேறு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, இருப்பதில் புளித்தண்ணீரும் உப்பில்லாமல் வேகவைத்த பருப்பும் சேர்த்துப் பெருக்குங்கள். எடுத்து வைத்ததை நாளைக்கு இதே மாதிரி ஆக்கிக்கொள்ளலாம்.