நகரத்தில் நீலி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழையனூர் நீலி கதையை இன்றைய சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நடப்பதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத எழுதப் பயம் வடிந்துவிடுகிறது. எங்கும் விளக்கு, கேமரா, எல்லார் கையிலும் செல்பேசி. பேய் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பாழடைந்த பங்களா ஒன்றுக்குக் கதையை மாற்றிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாற்றாதீர்கள். நீலி எங்கே ஒளிந்தாள்? திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், ஊர்ச்சபையின் நடுவே வந்து நின்றாள். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் இப்போது வணிகனாக வந்திருக்கிறான். அவன் மனைவியாக, இடுப்பில் குழந்தையோடு நியாயம் கேட்கிறாள். 'இவள் பேய்' என்று அவன் அலறுகிறான். குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேராகப் போய் அவன் மடியில் உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு முதுகு சில்லிடும் இடம் இதுதான். இதற்கு இருட்டு தேவைப்படவே இல்லை.

ஆகவே கேமரா ஓடட்டும். அது நீலியின் பக்கம்தான் சாட்சி சொல்லும். வாயிற்காவலரின் பதிவேட்டில் அவள் கையெழுத்தும், ஆதார் அட்டையில் கணவன் பெயரும் சரியாக இருக்கட்டும். எதற்கும் ஆவணம் கேட்கும் ஊரில், எல்லா ஆவணமும் வைத்திருக்கும் பேயை ஒருவன் எப்படி மறுப்பான்?

நீலியை இடம் மாற்றத் தயங்கவும் வேண்டாம். நீலகேசி என்ற சமணக் காப்பியத்தில் அவள் பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்கிறாள். தெற்கே வில்லுப்பாட்டில் கள்ளியங்காட்டு நீலியாகிறாள்.

வணிகனிடம் மந்திரித்த வாள் ஒன்று இருந்தது. அது இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது. 'அதனால் என்னைக் கொன்றுவிடுவான்' என்று அவள் அழ, ஊரார் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உங்கள் கதையில் அது செல்பேசியாக இருக்கலாம். குடியிருப்போர் சங்கத் தலைவர், 'இப்படிக் கொடுங்கள் தம்பி, காலையில் வாங்கிக்கொள்ளலாம்' என்று பரிவோடு கை நீட்டுவார். அந்தப் பரிவு மிக முக்கியம். ஊரார் கெட்டவர்களாகிவிட்டால் கதை செத்துவிடும்.

உண்மையில் கடினமான இடம் அதற்குப் பிறகு வருகிறது. 'உனக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்' என்று வணிகனுக்கு வாக்களித்து அவளோடு அனுப்பிவைத்த ஊர்ச்சபையின் எழுபது வேளாளர்களும், இரவில் நீலி கொன்றுபோட்ட அவன் பிணத்தை விடிந்து பார்த்ததும் தீயில் இறங்கினார்கள். அது இல்லையென்றால் நீலி கதை, பேய் பழிவாங்கிய ஆயிரம் கதைகளில் ஒன்றாகப் போயிருக்கும். உங்கள் குடியிருப்பில் அந்த வாக்கை யார் கொடுப்பார்? பலர், பேச்சுக்குச் சொன்னோம் என்பார்கள். சிலர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலகுவார்கள். அதையும் எழுதுங்கள். ஆனால் ஒருவராவது, சொன்ன சொல்லுக்காகத் தன்னிடம் உள்ள எதையாவது முழுமையாக இழக்க வேண்டும். தீக்குளிக்க வைக்காதீர்கள். வேலையோ வீடோ மகனின் உறவோ, திரும்பக் கிடைக்காத ஏதோ ஒன்று போகட்டும். அவர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சங்கத் தலைவரைவிட, நீலிக்குக் கதவைத் திறந்துவிட்ட வாயிற்காவலரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்