டிஎன்ஆர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அப்பாவைக் கைவிட்டதாக ஆகுமா?

அப்பாவுக்கு 81 வயது, நுரையீரல் கெட்டுவிட்டது, இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்கிற டிஎன்ஆர் படிவத்தை டாக்டர் நீட்டுகிறார், தங்கை அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா நன்றாகப் பேசுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எங்களிடம் கேட்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்.

நாங்கள் கேட்கவில்லை. "குழாயெல்லாம் சொருகி என்னைப் போட்டு வச்சுடாதீங்கடி" என்று அம்மா எத்தனையோ தடவை சொன்னாள். "அச்சானியமா பேசாதேம்மா" என்று நான்தான் வாயை அடைத்தேன்.

2021 டிசம்பரில் டயாலிசிஸ் நடக்கும்போதே அவளுக்கு இதயம் நின்றது. நின்ற இதயத்தை மறுபடி துடிக்கவைக்கச் செய்கிற சிபிஆர் என்றால் நெஞ்சை லேசாகத் தட்டுவது என்று நினைத்திருந்தேன். குறைந்தது 5 செ.மீ. இறங்குகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். அம்மா 38 கிலோ. விலா எலும்பு முறிந்தது. டாக்டரைக் குறை சொல்லமாட்டேன், சரியாக அமுக்கினாலும் வயதானவர்களுக்கு முறியும். துடிப்பு வந்தது. அதன்பிறகு 11 நாள் வென்டிலேட்டர். குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான் உள்ளே போனால் கண்ணைத் திறந்து அந்தக் கட்டைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். பேச முடியாது.

கடைசியில் அவள் நகையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு தோடுதான் இருந்தது. இன்னொன்றைக் கேட்டு மூன்று தடவை நடந்தேன், "ரிஜிஸ்டரில் ஒன்றுதான் இருக்கு" என்றார்கள். கல்யாணத்துக்குப் பாட்டி போட்ட எட்டுக்கல் தோடு. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஐசியூவுக்கு அனுப்பும் முன் நகையைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

காசுக்குப் பயந்தவள் பேசுகிறாள் என்று யாராவது கீழே எழுதுவார்கள். நாலரை லட்சம் அண்ணனும் நானும் பாதிப் பாதியாகக் கட்டினோம், ஒரு ரூபாய் பாக்கியில்லை. பெற்றவர்களைச் சாகவிடு என்றும் நான் சொல்லவில்லை. டிஎன்ஆர் என்பது இதயமோ மூச்சோ நின்றபின் சிபிஆர் செய்ய வேண்டாம் என்பது மட்டும்தான். ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், வலி மருந்து எதுவும் அதனால் நிற்காது. உங்கள் தங்கைக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று உயில் மாதிரி முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்றே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்திவிட்டார்கள். இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். எழுதிவிட்டால் வீட்டார் நினைத்தபடி வென்டிலேட்டரைக் கழற்றிவிடலாம் என்று பயப்பட வேண்டாம், டாக்டர்கள் குழு இரண்டு தனித்தனியாகப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

என் அப்பா 2023லேயே எழுதினார். வக்கீல் டைப் செய்து கொடுத்ததன் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "என் கைகளைக் கட்டக் கூடாது." நோட்டரி அதைப் படித்துவிட்டு, "இது எதுக்கு சார், தேவையில்லையே" என்றார். அப்பா, "இருக்கட்டும்" என்றார்.