நுகர்வோர் கேள்வி – பதில்: திருப்பியனுப்பும் கெடு முடிந்த பிறகும் பணத்தைக் கேட்கலாமா?

இணையத்தில் வாங்கிய பொருள் பழுதாகவோ மாறியோ வந்தது குறித்துச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த நான்கு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்தில் எல்லோருக்கும் பயன்படும் செய்திகள் பல அடங்கியிருப்பதால் அதற்குச் சற்று விரிவாகவே எழுதியுள்ளேன்.

கேள்வி: வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். ஆடி மாதத்தில் ஓர் இணைய விற்பனைத் தளத்தில் மோட்டார் வைத்த தையல் மெஷினை 11,800 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டி வந்த சமயம் கோட்டை மாரியம்மன் பண்டிகை. வீடு நிறைய உறவுக்காரர்கள். ஒன்பதாம் நாள்தான் பிரித்துத் தைத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை தையல் விட்டுப்போகிறது. அடிநூல் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. முறையிட்டால், திருப்பியனுப்பும் காலமான 7 நாள் முடிந்துவிட்டது என்கிறார்கள். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்றும், வழக்குப் போடுவதானால் பெங்களூருவில்தான் போட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது, ஐயா?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: உங்களிடம் அவர்கள் சொன்ன மூன்றுமே சட்டப்படி தவறு. இப்படிச் சொன்னதை நம்பி, வாங்கிய பொருளை மூலையில் போட்டுவிட்டு நட்டத்தைத் தாங்கிக்கொண்ட குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ இருக்கும் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த ஏழு நாள் கணக்கு. நிறம் பிடிக்கவில்லை, அளவு பொருந்தவில்லை, மனம் மாறிவிட்டது என்று நாம் ஒரு பொருளைத் திருப்பும்போது, எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதை விற்பவர் தீர்மானித்துக்கொள்ளலாம். பழுதான பொருளின் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளில் 6-ஆம் விதி, பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலும், அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது. ஏழு நாள், பத்து நாள் என்ற வரம்பு எதுவும் அந்த விதியில் கிடையாது. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யச் சட்டம் தரும் காலம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். ஆனாலும் ஒன்பது நாள் பெட்டியைப் பிரிக்காதது ஏன் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். பண்டிகை, விருந்தாளிகள் என்ற உண்மைக் காரணத்தை அவர்கள் கேட்கும் வரை காத்திராமல் முதல் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, தொழிலுக்கு வாங்கியது என்ற வாதம். வணிக நோக்கத்துக்காக வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே பிரிவின் விளக்கத்திலேயே, சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒரே மெஷின், அதில் உட்கார்ந்து தைப்பவர் நீங்களே, அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது என்பதைப் புகாரில் தெளிவாகச் சொல்லுங்கள். இருபது மெஷின் போட்டு ஆள் வைத்துத் தைப்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. கொண்டலாம்பட்டியில் சொந்தமாக ஒற்றைத் தறி ஓட்டுபவருக்கும் செவ்வாப்பேட்டையில் வீட்டுத் திண்ணையில் கொலுசுக்குப் பற்றவைப்பவருக்கும் இந்த விளக்கம் துணை நிற்கும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெங்களூரு என்பது மூன்றாவது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பினர் இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த இடத்திலோ வழக்கிட வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் செய்யலாம் என்று மாற்றிவிட்டது. தளத்தின் நிபந்தனைகளில் எந்த ஊர் நீதிமன்றத்தின் பெயர் இருந்தாலும், சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக உங்களுக்குத் தடையில்லை.

இனிச் செய்ய வேண்டியவை. பழுதைக் காட்டும் வீடியோவுக்காகத் தவிர மெஷினை இனி ஓட்டாதீர்கள்; யாரிடமும் கொடுத்துக் கழற்றவும் விடாதீர்கள். ஒரு துண்டுத் துணியில் நூல் கோத்த விதம், பாபின், தையல் விட்டுப்போகும் இடம் எல்லாம் தெரியும்படி ஒரே மூச்சில் வீடியோ எடுத்து, அந்தத் துணியையும் பத்திரப்படுத்துங்கள். அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, பிரிக்காமலே பார்த்துக் கண்டதை அவர் கையெழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தேவையென்று கருதினால் ஆணையமே பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும். அட்டைப் பெட்டியையும் அதன் மேல் ஒட்டிய சீட்டையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். விற்பனையாளரின் பெயரும் முகவரியும் பல நேரங்களில் அந்தச் சீட்டில்தான் தெளிவாக இருக்கும்.

பிறகு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டியது கட்டாயம். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அரட்டைப் பெட்டியில் பேசியது போதும் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே பதில் சொல்வது பெரும்பாலும் இயந்திரம். அந்த உரையாடல் நாளைக்கு உங்கள் கணக்கில் தெரியாமலும் போகலாம். பேசியதையெல்லாம் இன்றே திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அங்கே தீர்ப்பு வழங்க மாட்டார்கள். நிறுவனத்தோடு பேசி முடிக்க முயல்வார்கள். சிறிய தொகைகளில் பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

அதிலும் முடியாவிட்டால் ஆணையம்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை; வாங்கிய கதையைத் தேதி வாரியாக எழுதி, பில், மின்னஞ்சல்கள், படங்கள், பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை இணைத்து நீங்களே நேரில் தரலாம், அல்லது நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையத்தளம் வழியாகவும் பதியலாம். விற்பனையாளர், தளம் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பினராகச் சேருங்கள். 'நாங்கள் சந்தை மட்டும்தான் நடத்துகிறோம், விற்றவர் வேறு' என்று தளம் சொல்லும். பணத்தை வாங்கியதும் பொருளைக் கொண்டுவந்து கொடுத்ததும் புகாரை மறுத்ததும் தளமாக இருக்கும்போது, ஆணையங்கள் பலமுறை இந்த வாதத்தை ஏற்காமல் விட்டிருக்கின்றன. விலையோடு, கைவிட்டுப்போன தையல் வேலைக்கான இழப்பையும் மன உளைச்சலுக்கான தொகையையும் வழக்குச் செலவையும் கேளுங்கள். எந்தெந்த வாடிக்கையாளரின் துணியைத் திருப்பிக் கொடுத்தீர்கள், கூலி எவ்வளவு என்று உங்கள் அளவு நோட்டில் குறித்திருப்பீர்களே, அந்தப் பக்கங்களின் நகல் நல்ல சான்று.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் இல்லை. மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாக ஆகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் உத்தரவு வந்த பிறகு அதை நிறைவேற்றாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72-ஆம் பிரிவில் வழியுண்டு.

கேள்வி: 18,999 ரூபாய் கட்டிச் செல்போன் வாங்கினேன். பெட்டிக்குள் இரண்டு பாத்திரம் துலக்கும் சோப்புக் கட்டிகள் இருந்தன. ஓடிபி சொல்லித்தான் பெட்டியை வாங்கினேன் என்பதால், சரியான பொருள் ஒப்படைக்கப்பட்டதாகக் கூறிப் புகாரை மூடிவிட்டார்கள். பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. மலைக்கு வந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி இல்லை என்று சொன்னதால் இரண்டு முறை பெட்டியோடு சேலம் கூரியர் அலுவலகத்துக்குப் போய்வந்தேன்.
– ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: ஓடிபி சொன்னதால் பெட்டி கைமாறியது என்பது மட்டுமே உறுதியாகும். மூடிய பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. வீடியோ இல்லையேல் புகார் இல்லை என்று சிலர் பெட்டி மேலேயே அச்சடித்து ஒட்டுகிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. வீடியோ இருந்தால் வேலை எளிது, அவ்வளவுதான்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த படத்தில் ஒன்றைக் கவனித்தேன். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் எடை 480 கிராம் என்றிருக்கிறது. மளிகைக் கடைத் தராசில் வைத்து நீங்கள் எடுத்த படத்தில், சோப்போடும் அட்டையோடும் சேர்த்து 310 கிராம்தான் காட்டுகிறது. ஏற்றும்போது இருந்த 170 கிராம் வந்து சேரும்போது இல்லை என்றால், வழியில் பெட்டி பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கருத வலுவான காரணம் இருக்கிறது. வழியில் நடந்ததை விற்பனையாளரும் தளமும் கூரியரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். உங்கள் பணத்தை வாங்கியவர்கள் உங்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த இரண்டு படங்களும் உங்கள் வழக்கின் உயிர்நாடி.

பில்லில் செல்போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு செல்போனுக்கும் உரிய தனி அடையாள எண்) அச்சாகியிருந்தால், அந்த எண்ணுக்கு உத்தரவாதக் காலம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்; அந்தப் போனை வேறு யாராவது பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் அதில் தெரியவரலாம். அவர்கள் பதில் தராவிட்டால், ஆவணத்தை வரவழைக்கும்படி ஆணையத்தில் மனு கொடுக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அந்த அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு. ஏற்காடு காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கி வைப்பதும் நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறிய இரண்டு நாள் கூலி இழப்பையும் பேருந்துச் செலவையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேளுங்கள். மலை மேல் கொண்டுவந்து விற்க முடிந்தவர்கள், தவறு நேர்ந்தால் மலை மேல் வந்து எடுத்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர்கள் என்பதே என் உறுதியான கருத்து. விசாரணைக்காக அடிக்கடி இறங்கி வர முடியாதென்றால், காணொலி வழியாக நடத்தும்படி விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

கேள்வி: கிழிந்த சுடிதார் வந்ததால், இணையத்தில் தேடிக் கிடைத்த வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசினேன். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் க்யூஆர் குறியீடு அனுப்பினார்கள். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டதும் 4,600 ரூபாய் போய்விட்டது.
– ஒரு கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காக உங்களுக்கு உடனே தனியாகவும் எழுதிவிட்டேன். 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது. அதே வேகத்தில் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை நாமே பயன்படுத்தி ஏமாந்திருந்தால் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. பணம் நம் கணக்குக்கு வருவதற்கு ரகசிய எண் எந்நாளும் தேவையில்லை. சேவை எண்ணை, பொருள் வாங்கிய செயலிக்குள் போய் மட்டுமே எடுங்கள். கிழிந்த சுடிதாருக்கான உங்கள் உரிமை இதனால் போய்விடவில்லை; அதைத் தளத்தில் தனிப் புகாராகப் பதியுங்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கும் மகள் எனக்காக இணையத்தில் பிரஷர் குக்கர் வாங்கி அனுப்பினாள். அதில் ஐஎஸ்ஐ முத்திரையே இல்லை. வாங்கியது அவள் என்பதால் நான் புகார் செய்ய முடியாதா?
– ஓர் அம்மா, செவ்வாப்பேட்டை

பதில்: முடியும், அம்மா. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. மகளின் பெயரில் உள்ள பில்லையும், உங்களுக்காகத்தான் வாங்கினேன் என்று அவர் எழுதித் தரும் கடிதத்தையும் இணைத்துச் சேலத்திலேயே புகார் செய்யலாம்.

வீட்டுப் பிரஷர் குக்கருக்கு 2021 பிப்ரவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையில்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் பெரிய தளங்கள் மீதே அபராதம் விதித்து, வாங்கியவர்களிடமிருந்து குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரும்படி உத்தரவிட்டது. முத்திரை சில நேரம் குக்கரின் அடிப்பக்கத்தில் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். கவிழ்த்து வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 2347 என்ற எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண் இருந்தால் அது உண்மையா என்று, ஐஎஸ்ஐ முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பார்க்கலாம். எதுவுமே இல்லையென்றால் அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு அதே பெட்டியில் வைத்து, இன்றே தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதும்படி மகளிடம் சொல்லுங்கள்.